காட்டுத்தீப் புகையின் போக்கைச் செயற்கைக்கோள் படங்களால் அறிதல்

மாசி, பங்குனி மாதங்களில் ஜவ்வாது மலைச் சரிவுகளிலும் ஏலகிரியிலும் இரவு வேளையில் செந்நூல் இழுத்தாற்போல் தீ ஊர்ந்து செல்வதை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலுள்ள விவசாயிகள் யாவரும் கண்டிருப்பர். மறுநாள் விடியற்காலையில் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் மூட்டம் படிந்திருக்கும், கண் கரிக்கும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இருமல் காணும். அப்பொழுது இப்புகை எங்கிருந்து வந்தது என்ற வழக்கு எழுவது இயல்பு. மலையோரத்துக் கிராமத்தார் தோல் பதனிடும் சாலைகளைச் சுட்டுவர். சாலைப் பக்கத்தார், கரும்புச் சோகை கொளுத்தும் குடியானவரைச் சுட்டுவர். குடியானவரோ மலையைச் சுட்டுவர்.

இவ்வழக்கைத் தீர்க்க இக்காலத்தில் ஒரு சாதனம் உண்டு. பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் தீயும் புகையும் தெரிகின்றன. அப்படங்களைக் கைப்பேசியிலேயே எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அப்படம் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, அதில் தெரிவது எது, தெரியாதது எது என்பவற்றை அறியாமல் பார்ப்பவருக்கு நன்மையிலும் தீமையே அதிகம். படத்தைப் பார்த்த அவசரத்தில் குற்றமற்றவர்மேல் பழி விழக்கூடும். புகை வாராது என்று நம்பி ஊர் அசட்டையாக இருந்துவிடவும் கூடும். இவ்விரண்டையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதலானேன்.

மலைத்தீயும் நமது நிலமும்

ஜவ்வாது மலைக் காடுகள் பெரும்பாலும் கோடையில் இலை உதிர்க்கும் இனத்தவை. உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் தரையில் படிந்திருக்குங்கால் ஒரு பீடித்துண்டும் போதுமானது. நம் நாட்டில் காட்டுத்தீக்கு மின்னல் காரணமாவது அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் கையினால் உண்டாவதே. ஆடுமாடுகளுக்கு இளம்புல் வேண்டிக் கொளுத்துவதும், மலையடிவாரத்தில் வரப்பையும் சோகையையும் எரிக்கும்போது தீ கைமீறிப் போவதும் சாதாரணம்.

காடு எரிந்தால் நமக்கென்ன என்று சமவெளி மிராசுதாரர் நினைத்தல் தவறு. சருகும் புல்லும் போன சரிவில் முதல் மழை பெய்தவுடன் மேல்மண் கரைந்து ஓடை வழியே வந்து ஏரியில் படிகிறது. ஏரியின் கொள்ளளவு குறைந்தால் பாசனமும் கிணற்று நீரூற்றும் குறையும். முற்காலத்தில் இப்பகுதியின் தோல் தொழிலுக்கு ஆதாரமாயிருந்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இத்தகைய காட்டு நிலத்துப் பொருள்களே என்பதையும் மறத்தலாகாது.

செயற்கைக்கோள் தீயைக் காணும் விதம்

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், ஜவ்வாது மலையின்மேல், வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருப்பதை நம்மவர் அறிவர். அங்கிருந்து மனிதர் வானத்தை நோக்குகின்றனர். செயற்கைக்கோள்களோ வானத்திலிருந்து அதே மலையை நோக்குகின்றன. இவற்றுள் நமக்குப் பயன்படுபவை இருவகை.

முதல்வகை, துருவங்களின் மேலாகச் சுற்றுபவை. 1999-லும் 2002-லும் ஏவப்பட்ட டெர்ரா, அக்வா என்பவற்றிலுள்ள மோடிஸ் கருவியும், 2011, 2017, 2022 ஆகிய வருஷங்களில் ஏவப்பட்ட கோள்களிலுள்ள விர்ஸ் கருவியும் இவ்வகையைச் சேர்ந்தவை. விர்ஸ் கருவியைத் தாங்கியவை ஏறக்குறைய 830 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, நமது பகுதியைப் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறையும், நள்ளிரவுக்குப்பின் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறையும் காண்கின்றன.

இரண்டாம் வகை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழன்று, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுபவை. நமது இன்ஸாட்-3டிஆர் (2016), இன்ஸாட்-3டிஎஸ் (2024) இத்தகையவை. இவை அரைமணிக்கு ஒரு படம் தரவல்லவை.

கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு, செந்நிறம் மங்கிய பின்னும் அருகில் கை நீட்டினால் சுடுவதை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அவ்வெப்பம் வெளிவருகிறது. சாதாரணத் தரையின் கதிர் ஏறக்குறைய 10 மைக்ரான் அலைநீளத்தில் மிகுந்திருக்கும். எரியும் புல், சருகு ஆகியவற்றின் கதிரோ 3 முதல் 4 மைக்ரான் அளவில் மிகுந்திருக்கும். கருவி இவ்விரு அலைநீளங்களிலும் ஒரே இடத்தை அளந்து ஒப்பிடுகிறது. 4 மைக்ரான் அளவு மட்டும் அக்கம்பக்கத்தைவிட மிகுந்திருந்தால் அவ்விடத்தில் தீ உண்டென்று கணக்கிட்டு, படத்தில் ஒரு செம்புள்ளி இடப்படுகிறது.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004-ம் வருஷம் முதல் இத்தகைய புள்ளிகளை மாகாணங்களின் வன இலாகாக்களுக்கு அறிவித்து வருகிறது. முதலில் மோடிஸ் கருவியின் புள்ளிகளும், பின்னர் விர்ஸ் கருவியின் புள்ளிகளும் பயன்பட்டன. அந்நிறுவனத்தின் வன அக்னி என்னும் தளத்தில் பெயர் பதிந்துகொள்ளும் பொதுமக்களுக்கும் கைப்பேசி வழியே எச்சரிக்கை வருகிறது. அமெரிக்க நாசாவின் ஃபர்ம்ஸ் என்னும் தளத்தில், கோள் கடந்து சென்ற சுமார் மூன்று மணி நேரத்துக்குள் புள்ளிகளைக் காணலாம்.

புகையைக் காணும் விதம்

தீயைக் காண்பது வெப்பத்தால். புகையைக் காண்பது பெரும்பாலும் சூரிய வெளிச்சத்தால். ஆகவே இரவில் புகையைக் காண்பது அரிது. பகற்படத்தில் மேகம் வெண்மையாகவும் திரட்சியாகவும் தோன்றும். புகை நீலம் கலந்த சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ, ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரிந்து, துடைப்பத்தின் சாயலில் இருக்கும். குறுகிய முனை தீயிருக்கும் இடம். விரிந்த முனை காற்று செல்லும் திசை.

மேகமா புகையா என்ற சந்தேகம் எழுந்தால், அதே நேரத்து வெப்பப்படத்தைப் பார்த்தல் வேண்டும். அடர்ந்த மேகம் தரையின் வெப்பத்தை மறைத்துக் குளிர்ந்ததாகத் தோன்றும். மெல்லிய புகையின் துகள்கள் மிக நுண்ணியவையாதலால் தரையின் வெப்பக்கதிர் பெரும்பாலும் அதனூடே வந்துவிடும். வெப்பப்படத்தில் புகை ஏறக்குறைய இல்லாததுபோல் இருக்கும். பகற்படத்தில் தெரிந்து வெப்பப்படத்தில் மறைவது புகை என்று கொள்ளலாம்.

புகையின் வேகத்தைக் கணிப்பதும் எளிது. உதாரணமாக, பதினொரு மணிப் படத்திற்கும் பதினொன்றரை மணிப் படத்திற்கும் இடையே புகையின் நுனி 8 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால், அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். காற்று மாறாதிருப்பின் 32 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரை அது இரண்டு மணி நேரத்தில் அடையும். ஆராய்ச்சி நிலையத்தார் இதனோடு பல உயரங்களிலும் உள்ள காற்றின் கணக்கைச் சேர்த்து, புகை இனி எங்கே போகும் என்றும், ஓர் ஊரில் படிந்த புகை முன்பு எங்கிருந்தது என்றும் கணிக்கின்றனர். மேலும் 2017-ல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-5பி என்னும் கோள், எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவை அளக்கிறது. இவ்வாயு காற்றில் வாரக்கணக்கில் நிலைத்திருப்பதால், கண்ணுக்குப் புகை மறைந்த பின்னும் அதன் பாதையைத் தொடர முடிகிறது.

இம்முறைகளால் அறியப்பட்டவை வியப்புக்குரியன. 2015-ல் இந்தோனேசியாவின் கரிச்சேற்று நிலங்கள் எரிந்தபோது அப்புகை கடல் கடந்து சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அங்குள்ள நம் தமிழ் மக்கள் அதனை நன்கு அறிவர். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து தென்னமெரிக்காவை எட்டியது. 2023 ஜூனில் கனடாக் காடுகளின் புகையால் நியூயார்க் நகரத்து வானம் செம்மஞ்சளாயிற்று. இவை யாவும் செயற்கைக்கோள் படங்களில் நாள்தோறும் தொடர்ந்து காணப்பட்டவை.

பகற்படமும் இரவுக் காற்றும்

இனிக் கூறுவதே விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டுவது. மலைப்பிரதேசத்தில் காற்று பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் இயங்கும். பகலில் வெயிலால் சரிவு சூடேற, அதனை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். புகையும் உடன் ஏறி, மலைக்கு மேலுள்ள காற்றோடு கலந்து தூரம் போய்விடும். சூரியன் மறைந்தபின் சரிவு விரைவில் குளிரும். குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப்போல் ஓடை வழியே கீழிறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதன்மேல் சூடான காற்று மூடிபோல் இருப்பதால் இறங்கிய புகை வெளியேற வழியின்றிக் கிடக்கும். மறுநாள் வெயில் ஏறித் தரை சூடான பின்னரே அது கலையும். ஆகவே பிற்பகல் ஒன்றரை மணிப் படத்தில் புகை ஊரைவிட்டு விலகிச் செல்வதாகத் தோன்றினும், அன்றிரவே அது ஊருக்குள் இறங்கக்கூடும். இறங்கும் வேளையிலோ இருட்டு, படத்தில் தெரியாது.

இதில் நானே தவறியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், மலையடிவாரத்துக் கிராமமொன்றில் நிலக்கடலை விதை நேர்த்தி செய்துகாட்டச் சென்றிருந்தேன். மலைமேல் தீ எரிந்துகொண்டிருந்தது. ஊரார் கேட்கவே, கைப்பேசியில் அன்றைய பகற்படத்தைக் காட்டி, "புகை வடக்கே போகிறது, நமக்குப் பயமில்லை" என்று தைரியம் கூறிவந்தேன். அதனை நம்பி ஈளை நோயுள்ள ஒரு முதியவளை வழக்கம்போல் திண்ணையிலேயே படுக்கவிட்டனர். விடியுமுன் புகை இறங்கிற்று. அம்மையாரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் பிழைத்து வந்தார். அவர் மகன் என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, "ஐயா, படத்தில் இராத்திரி தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

செம்புள்ளியின் அளவு

விர்ஸ் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு கட்டத்தைக் குறிக்கும். நமது கணக்கில் அது ஏறக்குறைய 35 ஏக்கர். மோடிஸ் கருவியின் கட்டம் ஒரு கிலோமீட்டர் சதுரம். அதாவது 247 ஏக்கர். இன்ஸாட் கோள்களின் 4 மைக்ரான் படத்தில் ஒரு கட்டம் 4 கிலோமீட்டர் சதுரம். அதாவது நாலாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. செம்புள்ளி கட்டத்தின் நடுவில் இடப்படுமேயன்றி, தீ நடுவில்தான் எரிந்தது என்பதற்கில்லை. படத்தின் ஓரங்களில் கட்டம் இன்னும் பெரிதாகும்.

35 ஏக்கர் என்பது நம் கிராமங்களில் பல சர்வே நெம்பர்களை உள்ளடக்கும். மலையடிவாரத்தில் ஒரே கட்டத்துக்குள் பட்டா நிலமும் காப்புக்காடும் சேர்ந்திருக்கும். நான் அறிந்த ஒரு சம்பவத்தில், ஒரு சிறு விவசாயி தம் நிலத்தில் கரும்புச் சோகையைக் கொளுத்திய அதே நாளில் அடுத்த காட்டிலும் தீப் பரவிற்று. புள்ளி அவர் நிலத்தின்மேலேயே விழுந்திருந்தது. ஊரார் அவரே குற்றவாளி என்றனர். அவரும் அஞ்சி ஊரைவிட்டுப் போக இருந்தார். கிராம நிர்வாக அலுவலரும் வனக்காவலரும் நானும் மறுநாள் ஸ்தலத்தைச் சுற்றிப் பார்த்தோம். அவர் நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவிலிருந்த உழுத புழுதி நிலத்தில் எரிந்த அடையாளமே இல்லை. வேலியோரத்துக் காய்ந்த புல் அப்படியே நின்றது. காட்டில் எரிந்த தடம் மேற்புறத்து ஒற்றையடிப்பாதையிலிருந்து தொடங்கி வந்திருந்தது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் அக்குடும்பத்தின் கதி என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சோகையை எரிக்காமல் நிலத்தில் மூடாக்காகப் பரப்பியிருந்தால் இச்சந்தேகத்துக்கே இடமிராது என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தேன்.

புள்ளி இல்லாமையும் தீ இல்லாமைக்குச் சாட்சியன்று. கோள் கடந்தபின் மூட்டிய தீயும், மேகத்தின் அடியிலுள்ள தீயும், சிறு தீயும் பதிவாகாமற் போகலாம். பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் நெல் அரிதாளைக் கொளுத்தும் வேளை, கோள் கடந்த பின்னான சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயிருப்பதை, தென்கொரியாவின் நிலைக்கோள் படங்களைக் கொண்டு 2024-ல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். புள்ளிகள் குறைந்தன, புகை அவ்வளவு குறையவில்லை. மறுபுறத்தில் செங்கற்சூளையும் பெரிய உலையும் சில வேளை தீப்புள்ளியாகத் தோன்றும்.

தோல் பதனிடும் சாலைகளைப் பற்றியும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும். ஒரு புகைபோக்கியின் மெல்லிய புகை இத்தகைய படங்களில் பெரும்பாலும் அகப்படாது. துர்நாற்றம் நிறமற்ற வாயுவினால் வருவது, அதுவும் தெரியாது. ஆகவே மலையில் தீப்புள்ளி உண்டு என்பதால் சாலையின் புகை இல்லையென்றோ, படத்தில் சாலையின் புகை தெரியவில்லை என்பதால் அது குற்றமற்றதென்றோ முடிவுசெய்தல் கூடாது. அதனை ஸ்தலத்தில் கருவி வைத்தே அளத்தல் வேண்டும். அவ்வாறே, படத்தில் அடர்த்தியாய்த் தோன்றும் புகை தரையை ஒட்டி இருக்கிறதா, உயரத்தில் போகிறதா என்பதும் சாதாரணப் படத்தால் விளங்காது. 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்ஸோ என்னும் கோள் லேசர் ஒளியைப் பாய்ச்சி அவ்வுயரத்தை அளந்துவந்தது.

கிராமத்தில் செய்ய வேண்டுவன

1. மாசி முதல் வைகாசி வரை கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, புகை கண்ட தேதி, மணி, திசை, காற்றின் போக்கு ஆகியவற்றைக் காலை, பிற்பகல், அந்தி என்ற மூன்று வேளையும் எழுதி வருதல் நலம். காற்றின் திசையை அறிய, உயர்ந்த கழியில் கட்டிய ஒரு துணிநாடா போதும். படம் காட்டாத இரவையும் விடியலையும் இப்புத்தகமே காட்டும்.

2. வன அக்னி தளத்தில் கிராம உத்தியோகஸ்தர் ஒருவரும் விவசாயி ஒருவருமேனும் பெயர் பதிந்துகொள்ளல் வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் வனச்சரக அலுவலகத்துக்கும், தேவையாயின் 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்கவும்.

3. படத்தைப் பார்க்கும்போது முதலில் அது எடுக்கப்பட்ட மணியைப் பார்க்கவும். இந்திய நேரமா, கிரீன்விச் நேரமா என்பதையும் கவனிக்கவும். கிரீன்விச் நேரமாயின் ஐந்தரை மணி கூட்டிக்கொள்க.

4. மலையில் பகலில் தீ கண்டால், புகை எத்திசை சென்றாலும், அன்றிரவு அடிவாரத்துக்கு இறங்கும் என்றே எண்ணி ஏற்பாடு செய்க. ஈளை, இருதய நோயுள்ளவர்களையும் குழந்தைகளையும் உள்ளறையில் சாளரம் அடைத்துப் படுக்கவைக்கவும். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசமே ஏற்றது.

5. வரப்பையும் சோகையையும் கொளுத்தாதீர்கள். காப்புக்காட்டுக்கு அபாயம் நேரும்படி தீ மூட்டுவது 1882-ம் வருஷத்திய வனச் சட்டப்படி குற்றமாகும்.

6. எரியும் சரிவுக்கு மேற்புறத்தில் ஒருபோதும் நிற்கலாகாது. பகலில் தீ மேல்நோக்கியே விரையும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மலையேறச் சென்றோர் தீயில் அகப்பட்டு இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறவாதீர்கள்.

7. ஒருவர்மேல் குற்றம் சாட்டுமுன், எரிந்த தடத்தை நடந்து பார்த்து, அது எங்கே தொடங்கிற்று என்று குறித்துக்கொள்ளவும். படம் விசாரணையைத் தொடங்கவே உதவும்; முடிப்பதற்கு ஸ்தலப் பார்வை வேண்டும்.

வானத்திலிருந்து நாளொன்றுக்குச் சில கணங்களே நம் மலை காணப்படுகிறது. மற்ற நேரமெல்லாம் அதனைக் காண்பவர் அடிவாரத்தில் வாழும் நாமே. குறிப்புப் புத்தகத்தை ஒழுங்காக எழுதிவரும் கிராமங்கள், பருவம் முடிந்ததும் அதன் நகலொன்றை வன இலாகாவுக்கும் விவசாய இலாகாவுக்கும் அனுப்பிவைத்தால், செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, எவ்வோடை வழியே எவ்வூருக்குப் புகை இறங்குகிறதென்று அடுத்த கோடைக்குமுன் அறியலாகும். அவ்வாறு அறிந்தபின், திண்ணையில் படுத்திருக்கும் முதியோரை மாலையிலேயே உள்ளே அழைத்துக்கொள்ளுதல் எளிதன்றோ.